சி. வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’வும் நாஞ்சில் நாட்டு வாசகரின் ஏமாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

1891இல் வெளிவந்த ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலாக மதிக்கப்பெறுவது. அதன் களத்தின் கணிசமான பகுதி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஆயினும் இம்மாவட்டத்துத் தமிழ் வாசகர் அந்நாவலைப் படித்து முடிக்கும்போது ஒருவகை ஏமாற்றத்தை அடைகின்றனர். அவ்வேமாற்றம் எவ்வெவ்விடத்தில் தோன்றுகிறது, அதில் வாசகரின் பிழை எவ்வளவு, நாவலின் குறை எவ்வளவு என்பனவற்றை, அதே அரசுரிமைப் பூசலைப் பாடும் ‘தம்பிமார் கதை’, அதற்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட போரைப் பாடும் ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’ ஆகிய தமிழ்க் கதைப்பாடல்களோடு ஒப்பவைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்று நாவல், மார்த்தாண்டவர்மா, தம்பிமார் கதை, நாஞ்சில் நாடு, மருமக்கள்வழி, வில்லுப்பாட்டு.

முன்னுரை

குமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு மார்த்தாண்டவர்மன் என்னும் பெயர் பாடநூலின் வாயிலாக அறிமுகமாவதில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலா செல்லாத பிள்ளை இங்கு அரிது. குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண் அவன் ஒல்லாந்தரை வென்ற செய்தியைச் சொல்கிறது. புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையினுள் அப்போரில் பிடிபட்டுப் பின்னர் அவன் படைக்கே தலைவனான டிலனாயின் கல்லறை உள்ளது. கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையோ வேறொரு கதை சொல்கிறது. அவ்வரசனின் பணியாளராயிருந்து 1745இல் கிறித்தவம் தழுவிய தேவசகாயம் பிள்ளை, 1752 சனவரி 14 அன்று அவ்விடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றதும் அம்மலை உலகறிந்த இடமாயிற்று. ஓர் அரசனைப் பற்றிய இருவேறு நினைவுகள் ஒருவர் ஒரே பகலில் சென்று திரும்பத்தக்க தொலைவில் கல்லாக நிற்கின்றன.

இத்தகைய நிலத்திலிருந்து வரும் வாசகர் ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் நாவலைக் கையிலெடுக்கும்போது எதை எதிர்பார்ப்பார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. போர் வரும், குளச்சல் வரும், கடலோரத்து மக்கள் வருவர், நாஞ்சில் வயல்கள் வரும் என்று எதிர்பார்ப்பார். இக்கட்டுரையாளரும் அவ்வாறே எதிர்பார்த்தார், ஏமாந்தார். முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியப் பாடமாக இந்நாவலைப் பேசிய ஒவ்வொரு முறையும் மாணவரிடமிருந்து வந்த முதல் வினா, “ஐயா, குளச்சல் சண்டை எந்த அத்தியாயத்தில் வருகிறது?” என்பதே. அவ்வினாவை வெறும் அறியாமை எனத் தள்ளிவிட மனம் ஒப்பாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாவல் மேற்கொண்ட காலம்

வினாவிற்கு விடை எளிது: எந்த அத்தியாயத்திலும் வராது. குளச்சல் போர் நிகழ்ந்தது 1741 ஆகஸ்ட் 10. நாவல் மேற்கொண்டிருப்பதோ வேணாட்டரசர் இராமவர்மர் நோயுற்றுக் கிடந்த இறுதிக் காலத்தையும், 1729இல் அவர் மறைந்தபின் மருமகனான மார்த்தாண்டவர்மன் அரசு கட்டில் ஏறுவதைச் சூழ்ந்த சில ஆண்டுகளையும். இளவரசனைக் கொன்று பட்டத்தைப் பறிக்க முனைபவர்கள் இராமவர்மரின் மக்களான தம்பிமார் இருவரும், அவர்களுக்குத் துணைநின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாரும். ஆகவே நாவலில் உள்ளது உள்நாட்டுப் பூசல், அயலான் படையெடுப்பன்று. ஆசிரியர் எழுத எண்ணாத போரை அவர் எழுதவில்லை என்று குறைகூறுதல் முறையன்று. இவ்வகை ஏமாற்றத்தை வாசகர் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்ளவேண்டும்.

நூலின் தலைப்பே ஒரு சிக்கல் என்பதையும் சொல்லவேண்டும். தலைப்பிற்குரியவன் நாவலின் பெரும்பகுதியில் ஓடி ஒளிபவனாகவும், பிறரால் காக்கப்படுபவனாகவும் இருக்கிறான். செயல் முழுவதும் பிறர் கையில் உள்ளது. பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு வீழ்ந்து இறந்ததாகக் கருதப்பட்ட அனந்தபத்மநாபன் பித்தச் சாணானாக உருமாறித் திரிகிறான். சுபத்திரை தன் அறிவொன்றையே படைக்கலமாகக் கொண்டு சூழ்ச்சிகளை முறியடிக்கிறாள். மாங்கோயிக்கல் குறுப்பு தன் வீடு தீக்கிரையானபோதும் இளவரசனைக் கைவிடவில்லை. வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ இந்நாவலுக்குத் தூண்டுதலாயிற்று என்பது மலையாளத் திறனாய்வாளர் நெடுங்காலமாகக் கூறிவருவது. வரலாற்றுப் பேராளுமையை ஓரத்தில் நிறுத்திக் கற்பனை மாந்தரை நடுவில் உலவவிடுதல் ஸ்காட்டின் முறை. தமிழில் கல்கியும் இவ்வழியினரே. ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழிவர்மனைக் காட்டிலும் வந்தியத்தேவனோடுதான் நாம் அதிகம் பயணம் செய்கிறோம். எனவே இதுவும் குறையன்று, வடிவத்தின் இயல்பு.

எஞ்சிய ஏமாற்றமே ஆராயத்தக்கது. அது இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று நிலம், மற்றொன்று தம்பிமார்.

படை தங்கிய ஊர்

சாரோடு, கல்குளம், மாங்கோயிக்கல் என நாவலில் வரும் இம்மாவட்டத்து இடங்கள் பெரும்பாலும் கல்குளம் வட்டத்தைச் சார்ந்தவை. பத்மநாபபுரம் என்னும் பெயரைக் கல்குளம் பெற்றது 1744இல். நாஞ்சில் நாடு எனத் தக்க பொருளில் வழங்கும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் வேறு. இவ்வேறுபாட்டை வெளியூர் வாசகர் பொருட்படுத்தமாட்டார். உள்ளூர் வாசகருக்கோ இது முதன்மையானது. நாவலில் நாஞ்சில் நாட்டுக்குக் கிடைக்கும் பங்கு, ஆறுமுகம் பிள்ளை தளவாய் மதுரைப் படையுடன் பூதப்பாண்டியில் தங்கியிருக்கிறார் என்னும் செய்தியளவில் நிற்கிறது. படைக்குக் கொடுக்கவேண்டிய பணம் நிலுவையில் உள்ளது. பணம் வராமல் படை நகராது. படை வராமையால் இளவரசன் தனித்து நிற்கிறான். கதையின் முடிச்சுக்கு இது தேவையான செய்திதான்.

ஆனால் கூலிப்படையொன்று ஊதியமின்றி ஓர் ஊரில் மாதக்கணக்கில் தங்கினால் அவ்வூர் என்ன ஆகும்? பழையாற்றுப் பாசனத்தில் இருபூ விளைந்த வயல்கள் சூழ்ந்த ஊர் பூதப்பாண்டி. படைக்கு நெல் யார் கொடுத்தது, வைக்கோல் எவருடைய களத்திலிருந்து போயிற்று, வரி இருமுறை தண்டப்பட்டதா என்பவை நாவலாசிரியர் மனத்தில் எழவேயில்லை. இவ்வினாக்களை இன்றைய பார்வையை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாக எண்ணவேண்டா. அக்காலத்து நாஞ்சில் நாட்டாரே இவற்றைக் கேட்டனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டார் கூட்டங்கள் கூடி, முறையற்ற வரிகளைக் கொடுப்பதில்லை எனத் தீர்மானித்த செய்திகள் ஓலைகளில் பதிவாகியுள்ளன. அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தார் காத்துவந்த ஓலைகள் இவ்வகை வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. அவற்றின் அருமையை உணர்ந்து ஆராய்ச்சி உலகிற்கு எடுத்துக்காட்டியவர்களுள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் ஒருவர். நாகமையாவின் ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்’ (1906) இக்கூட்டங்களைக் குறிப்பிடுகிறது.

சி. வி. எழுதியபோது இவை அச்சேறவில்லை. அவர் பெரிதும் சார்ந்து நின்றது பி. சங்குண்ணி மேனோனின் திருவிதாங்கூர் வரலாற்றை (1878). அரசவையின் கண்கொண்டு எழுதப்பட்ட நூல் அது. எனினும் அந்நூலே நாஞ்சில் நாட்டை மையமாகக் கொண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. பட்டம் இழந்த தம்பிமார் திருச்சிராப்பள்ளி சென்று முறையிட, அழகப்ப முதலியார் என்பவர் படையுடன் நாஞ்சில் நாட்டுக்கு வந்து இருதரப்பையும் விசாரித்து, இறுதியில் மார்த்தாண்டவர்மன் பக்கமே தீர்ப்புரைத்தார் என்பது அச்செய்தி. விசாரணை மன்றமாக ஒரு படைமுகாம், வழக்காளிகளாக அரசனின் மக்கள், எதிர்வாதம் செய்ய இராமய்யன்: எந்த நாவலாசிரியருக்கும் இதனினும் சிறந்த காட்சி வாய்க்காது. ஆனால் நாவலின் உச்சம் இதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் முடிந்துவிடுகிறது.

மகனா, மருமகனா

தம்பிமார் பற்றிய ஏமாற்றம் இன்னும் ஆழமானது. நாவலில் மூத்தவனாகிய பத்மநாபன் தம்பி காமுகன், கொடியவன், அறிவிலி. அவனுக்கு அறிவாக இயங்குபவன் சுந்தரய்யன் என்னும் பரதேசத் தமிழ்ப் பிராமணன். அவன் பேச்சில் தமிழ் கலந்து ஒலிக்கச் செய்கிறார் ஆசிரியர். நாவலின் தீமைக்குத் தமிழ்க் குரல் வாய்த்திருப்பது தற்செயல் என்று கொள்ள இயலவில்லை. திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் வெளிநாட்டுப் பிராமணர் மேலோங்கியிருப்பதை எதிர்த்து மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம் அளிக்கப்பட்டது 1891 சனவரியில். நாவல் வெளிவந்ததும் அவ்வாண்டே. சி. வி. அவ்வியக்கத்தில் ஈடுபட்டவர், பிற்காலத்தில் ‘விதேசீய மேதாவித்வம்’ என்னும் தலைப்பில் கட்டுரைகளும் எழுதியவர். 18ஆம் நூற்றாண்டின் பூசலைச் சொல்லும் நாவல் தன் காலத்து மனக்குறையையும் சேர்த்தே சொல்கிறது. எல்லா வரலாற்று நாவல்களும் இதைச் செய்பவைதாம். தமிழ் வரலாற்று நாவல்களில் சாளுக்கியரும் சிங்களவரும் எவ்வாறு வருகின்றனர் என எண்ணிப் பார்க்கும் தமிழ் வாசகர், சி. வி.யின்மேல் கடிந்துகொள்ளச் சற்றுத் தயங்குவார்.

தம்பிமாரின் கோரிக்கைதான் என்ன? தந்தையின் நாடு மகனுக்கு வரவேண்டும் என்பது. மருமக்கள்வழி நிலவிய அரசகுலத்தில் இக்கோரிக்கை மரபுக்கு மாறானது. நாவல் அதை ஒரு வினாவாகக்கூட எழுப்புவதில்லை. பேராசை என ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. நாஞ்சில் நாட்டு வாசகரால் அவ்வளவு எளிதில் கடந்துபோக இயலாது. இங்குள்ள வேளாளரிடையே மருமக்கள்வழி வாழ்முறை அண்மைக்காலம் வரை நடைமுறையில் இருந்தது. மாமன் சொத்து மருமகனுக்குப் போக, மனைவியும் பெற்ற மக்களும் கையற்று நின்ற நிலையைக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என அங்கதமாகப் பாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபின்னரே மக்கள்வழி உரிமை வழிப்பட்டது. தம்பிமார் கேட்டு உயிரிழந்த உரிமையை, ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து, அதே அரச மரபின் அரசு குடிகளுக்குச் சட்டமாக வழங்கிற்று. இதை அறிந்தவருக்குப் பத்மநாபன் தம்பி வெறும் கொடியவனாகத் தோன்றமுடியுமா?

‘தம்பிமார் கதை’ இவ்விடத்தில் நாவலுக்கு நேர் எதிராக நிற்கிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு மரபில் வழங்கும் இக்கதைப்பாடல் அபிராமியிலிருந்து தொடங்குகிறது. சுசீந்திரம் கோயிலில் அவளைக் கண்டு மையலுறும் இராமவர்மர் அவளை மணக்கிறார். வலிய தம்பி, குஞ்சு தம்பி, கொச்சுமணித் தங்கை எனப் பிள்ளைகள் பிறக்கின்றனர். தங்கையை மார்த்தாண்டவர்மன் விரும்பிக் கேட்க, அரசுரிமை பற்றிய நிபந்தனையில் அப்பேச்சு முறிகிறது; பகை அங்கு வேர்விடுகிறது. நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் கொல்லப்படுகின்றனர். தங்கை உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அகாலச் சாவு எய்தியவர் தெய்வமாவது இந்நிலத்தின் வழக்கம். தம்பிமாரும் வழிபாடு பெற்றனர்.

கதைப்பாடல் வரலாறு, நாவல் புனைவு என்று பிரிப்பது பிழையாகும். மணப்பேச்சு முறிந்ததே பூசலுக்குக் காரணம் என்பதை ஆவணங்கொண்டு நிறுவ இயலாது. ஏ. பி. இப்ராகிம் குஞ்ஞு போன்ற வரலாற்றாசிரியர் மார்த்தாண்டவர்மனின் எழுச்சியை, பிள்ளைமார், கோயில் யோகக்காரர் ஆகியோரின் அதிகாரத்தை ஒடுக்கி மைய அரசை உருவாக்கிய நிகழ்வாக விளக்குவர். அவ்விளக்கத்தில் தம்பிமார் ஒரு பகுதி மட்டுமே. கதைப்பாடலும் நாவலைப் போலவே பக்கம் சார்ந்தது. வேறுபாடு ஒன்றுண்டு: பாடுபவர் தோற்றவர் முற்றத்தில் நின்று பாடுகிறார், எழுதியவர் வென்றவர் வாயிலில் நின்று எழுதுகிறார்.

தலையை மீட்கச் சென்றவன்

போரைச் சொல்வதில் இந்நிலத்துக்கென ஒரு முறை இருந்தது என்பதை ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’ காட்டும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமலை நாயக்கரின் படை வேணாட்டின்மேல் வந்தது. நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் நிகழ்ந்த போரில் வேணாட்டுப் படைத்தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்தான். உடனிருந்த பிள்ளைமாரே அவனைத் தனியே விட்டு அகன்றனர் என்கிறது கதை.

இக்கதைப்பாடலில் கேட்போர் மனத்தில் தங்குவது வாள்வீச்சன்று. புறப்படுவதற்கு முன் தாயும் மனைவியும் கண்ட தீக்கனாக்கள், அவர்கள் போகவேண்டா எனத் தடுப்பது, அவன் அதனை மீறிச் செல்வது, பின்னர் வெட்டுண்ட தலையைப் பகைவர் பாசறையிலிருந்து மீட்டுவரப் பணியாளன் ஒருவன் தனியே செல்வது ஆகியவையே தங்குகின்றன. தோல்வியைப் பாடுவதில் பாடகருக்கு வெட்கமில்லை. பகைவனும் வீரத்தை மதிக்கத் தெரிந்தவனாகவே காட்டப்படுகிறான். படை எத்தனை, யானை எத்தனை என்னும் எண்ணிக்கையில் மிகையுண்டு, துயரில் மிகையில்லை.

இம்முறையில் பழகிய செவிக்குச் சி. வி.யின் போர்க்காட்சிகள் அயலாகவே ஒலிக்கும். மாங்கோயிக்கல் வீட்டைச் சூழ்ந்து நடக்கும் சண்டை விறுவிறுப்பானது. தீயும் புகையும் கண்முன் எழுகின்றன. சாணார் படைவீரர் வந்து உதவும் இடம் மயிர்க்கூச்செறியச் செய்வது. ஆனால் சண்டை முடிந்த மறுநாள் காலை அந்நாவலில் இல்லை. இறந்தவரை யார் எடுத்தனர் என்பது இல்லை. கதை அடுத்த சூழ்ச்சிக்கு ஓடிவிடுகிறது.

ஒன்றை இங்கே குறிக்கலாம். குமரி மாவட்டம் தமிழ் நாவலுக்குத் தந்த கொடை சிறிதன்று. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’, நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’, தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ எனப் பெயர்பெற்ற நாவல்களை எண்ணினால், அவற்றுள் ஒன்றேனும் அரசர் போரை மையமாகக் கொண்டதில்லை. ‘புளியமர’த்தில் அரசரின் வருகை வருகிறது, அதுவும் தாமோதர ஆசான் வாய்வழியே, குளத்து நாற்றத்தோடு வருகிறது. அரச வரலாற்றைத் தமிழ் நாவலாசிரியர் தவிர்த்தனரா, அல்லது வில்லுப்பாட்டு அதனை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டது என எண்ணினரா? இவ்வினா தனி ஆய்வுக்குரியது.

மலையாளத்திலோ இந்நாவல் தொடர்ந்து வாழ்ந்தது. சி. வி.யே ‘தர்மராஜா’ (1913), திப்புவின் படையெடுப்பைப் பின்புலமாகக் கொண்ட ‘ராமராஜபகதூர்’ (1918) ஆகியவற்றால் அதை நீட்டினார். 1933இல் பி. வி. ராவ் இயக்கத்தில் பேசாப்படமாகவும் வெளிவந்தது. பதிப்புரிமை வழக்கில் அப்படம் முடங்கியது கிளைக்கதை. தமிழாக்கங்களும் உண்டு, சாகித்திய அகாதெமியும் ஒன்றை வெளியிட்டுள்ளது. தமிழாக்கத்தில் படிப்பவர் ஒன்றை இழக்கிறார். மூலத்தில் சுந்தரய்யனின் தமிழ், மலையாளத்தின் நடுவே அயலான் குரலாகத் தனித்து ஒலிக்கும். முழுநூலும் தமிழாகிவிடும்போது அவன் குரல் மற்றவர் குரலோடு கலந்துவிடுகிறது. குமரி வாசகரின் ஏமாற்றத்தின் ஒரு கூற்றை மொழிபெயர்ப்பு அறியாமலே தணித்துவிடுகிறது என்பது சற்று வேடிக்கையானது.

சுபத்திரையும் கொச்சுமணித் தங்கையும்

இத்தனையும் சொன்னபின், நாவலின் ஓரிடத்தில் இக்கட்டுரையாளரின் ஏமாற்றம் முற்றிலும் அடங்கிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கணவனால் கைவிடப்பட்டவள் சுபத்திரை. இளவரசனைக் காத்தவள் அவளே. அதற்குக் கைம்மாறாக அவள் எதையும் கேட்கவில்லை. இறுதியில் எட்டுவீட்டாருள் ஒருவரான குடமண் பிள்ளை, அவளுடைய மாமனே, அவளை வெட்டிக் கொல்கிறார். இளவரசன் வந்து பழிவாங்குகிறான்; ஆயினும் காலம் தாழ்ந்துவிட்டது. வென்றவனின் கதையில் வெற்றிக்குக் காரணமானவள் வெற்றியைக் காணாமல் சாகிறாள். நாவல் முழுவதிலும் சி. வி. அரசவையை மறந்து ஒரு சாவின் முன் நின்றுவிடும் இடம் இது ஒன்றே. வில்லுப்பாட்டுக்காரர் தம் வாழ்நாளெல்லாம் நின்ற இடம் அது.

மாமன் கையால் மாண்ட சுபத்திரையையும், தமையன்மார் சாவுக்குப் பின் உயிர்நீத்த கொச்சுமணித் தங்கையையும் அருகருகே வைத்து ஆராய்ந்தால் ஒன்று புலப்படும். அரசுரிமைப் போரில் ஒருத்தி வென்ற தரப்பு, மற்றவள் தோற்ற தரப்பு. தாய்வழியே உரிமை செல்லும் குலங்களில் பிறந்தும், இருவருள் எவர்க்கும் தம் வாழ்வின்மேல் உரிமையிருக்கவில்லை. சி. வி. ‘தம்பிமார் கதை’யைக் கேட்டிருந்தாரா, கேட்டும் தள்ளினாரா என்பது நாவலுக்குள்ளிருந்து துலங்காது. கொச்சுமணித் தங்கைக்கு அவர் நாவலில் இடமில்லை. ஆனால் அவளுக்குரிய சாவு போன்ற ஒரு சாவு, வேறொரு பெயரில், எதிர்த் தரப்பில், நாவலின் கடைசிப் பகுதியில் வந்து நிற்கிறது.